அப்பா வாங்கிய முன்பணமும் மகன் போட்ட தனி அடுப்பும்

பொங்கல் கழிந்த மறுவாரம் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் காலனித் தெருக்களில் லாரியும் மினி வேனும் வந்து நிற்கும். சட்டி பானை, பாய், அரிசி மூட்டை, கூண்டில் நாலு கோழி, கூடவே பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் எல்லாம் வண்டியில் ஏறும். வீட்டுக் கதவில் பூட்டு தொங்கும். செங்கல் சூளைப் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். போனவர்கள் ஊர் திரும்ப ஆனி மாதம் ஆகும்.

2023 தை மாதம் விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் வண்டி வந்து நின்றபோது, ஏற வேண்டிய நாலு பேரில் இரண்டு பேர்தான் ஏறினார்கள். அப்பாவும் அம்மாவும் போனார்கள். மகனும் மருமகளும் போகவில்லை. இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு மருமகள் வாசலில் நின்றார். மகன் வண்டியில் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். தெருவே பார்த்தது. "கடனைப் பெத்தவங்க தலையில போட்டுட்டு புள்ள ஒதுங்கிக்கிட்டான்" என்று பேசியது.

அந்த மகனும் மருமகளும் அடுத்த 20 மாதங்களில் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரப் பத்தி. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கணக்கை மட்டும் அப்படியே எழுதச் சொன்னார்கள். அது மற்றவர்களுக்குப் பயன்படும் என்றார் மருமகள்.

ஜோடிக் கணக்கு

சூளை வேலை தெரியாத வாசகர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சூளையில் ஆளுக்குக் கூலி கிடையாது. கல் அறுக்கிற வேலைக்கு ஜோடிதான் கணக்கு. புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. ஒருவர் மண் குழைத்துச் சுமக்க, ஒருவர் அச்சில் அறைந்து கல்லைக் கவிழ்க்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடிக்க விடியற்காலம் இரண்டு மணிக்கே எழுந்திருப்பார்கள். மழை வந்து பச்சைக் கல் கரைந்தால் அந்தக் கல் கணக்கில் வராது.

வேலைக்குப் போகும் முன்பே, ஐப்பசி கார்த்திகையில், மேஸ்திரி வந்து முன்பணம் கொடுப்பார். அடைமழைக் காலம், கையில் வேலை இல்லாத காலம். வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. சூளையில் வாராவாரம் அரிசி பருப்புக்கு ஒரு தொகை தருவார்கள். மீதிக் கூலி முன்பணத்தில் கழியும். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பெரும்பாலும் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிதான் அடுத்த பொங்கலுக்கு வண்டியை மறுபடி வாசலுக்குக் கொண்டுவருகிறது.

இந்தக் குடும்பத்தில் 2021 பருவத்துக்கு அப்பா வாங்கிய முன்பணம் 1,20,000 ரூபாய். இரண்டு ஜோடிக்குச் சேர்த்து வாங்கினார். மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. "ஒரு ஜோடி கூடுதலா வருது, தொகையைக் கூட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கியதாக அவரே சொன்னார். மருமகள் அந்த வீட்டில் காலடி வைத்த முதல் மாதத்திலேயே அவருடைய உழைப்புக்கு விலை பேசி முடிந்துவிட்டது. அவரை யாரும் கேட்கவில்லை. பிளஸ் டூ முடித்தவர் அவர்.

அந்தப் பருவ முடிவில் பாக்கி 52,000 ரூபாய். மகளின் கல்யாணத்துக்காக மறுபடி வாங்கியது 70,000. 2022 பருவம் முடிந்து கணக்குத் தீர்த்தபோது பாக்கி 85,000. இரண்டு முறையும் வாங்கியது மொத்தம் 1,90,000. நாலு பேர் இரண்டு பருவம் அறுத்த கல்லில், சாப்பாட்டுச் செலவு போக, கழிந்தது 1,05,000. எத்தனை கல் அறுத்தோம் என்ற கணக்கு மேஸ்திரியின் நோட்டில் மட்டும் இருந்தது. இவர்கள் கையில் துண்டுக் காகிதம்கூட இல்லை.

மகன் பத்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதவில்லை. சூளைப் பருவமும் பரீட்சைக் காலமும் ஒன்றாக வருவதுதான் காரணம். தை மாதம் ஊரைவிட்டுப் போன பிள்ளை பங்குனியில் எப்படித் தேர்வு எழுதும்? "என் பொண்ணு அந்த வண்டியில ஏறக் கூடாதுண்ணா" என்றார். 2022 ஆனியில் சூளையிலிருந்து திரும்பிய அன்றே அவர்கள் இருவரும் எடுத்த முடிவு அது.

படியாள் பேரன்

இந்தக் குடும்பத்தின் தாத்தா ஒரு நிலக்காரர் வீட்டுப் படியாள். தன் கல்யாணத்துக்கு நெல்லும் பணமும் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே வேலை செய்தவர். அவர் மகன், அதாவது இந்த அப்பா, எட்டு வயதில் அதே வீட்டில் மாடு மேய்த்தார். தகப்பன் வாங்கியதை மகன் கழித்தான். தஞ்சைப் பக்கம் பண்ணையாள் என்ற பெயரில் நடந்ததும் இதுதான். அப்பா வளர்ந்து நிலக்காரரை விட்டுச் சூளைக்குப் போனபோது தனக்கு விடுதலை கிடைத்தது என்றே நினைத்தார். மாடு மேய்த்த கடனுக்குப் பதிலாகக் கல் அறுக்கும் கடன் வந்தது.

தகப்பனின் கட்டு மகனைக் கட்டும் இந்த முறையை அண்ணல் அம்பேத்கர் நேருக்கு நேர் எதிர்த்தார். மகாராஷ்டிரத்தில் மகர் சாதியினர் 'வதன்' என்ற பெயரில் துண்டு நிலத்துக்காகப் பரம்பரை பரம்பரையாக ஊருக்கும் அரசுக்கும் ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஊழியத்தை முடிவுக்குக் கொண்டுவர 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் அவர். நிலமே கிடைத்தாலும், பிறப்போடு ஒட்டிவரும் ஊழியம் மனிதனை உயர்த்தாது என்பதை அவர் தன் மக்களிடமே வாதாட வேண்டியிருந்தது. நம் தெருவில் இன்று முன்பணத்தைப் பற்றிப் பேசும்போதும் அதே வாதத்தைத்தான் நாம் நம் பெரியவர்களிடம் செய்ய வேண்டியிருக்கிறது.

தனி உலை வைத்த கதை

தனிக்குடித்தனம் போவது என்று முடிவெடுத்ததும் மகன் முதலில் பக்கத்து டவுனில் வாடகை வீடு தேடினார். வீட்டைக் காட்டுவார்கள், வாடகை சொல்வார்கள், கடைசியில் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருப் பெயரைச் சொன்னதும் "வேற ஆளு கேட்டிருக்காங்க, சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். நாலு வீட்டில் இதே பதில். எந்த இளம் தம்பதிக்கும் தனிக்குடித்தனம் கஷ்டம்தான். நம் பிள்ளைகளுக்குப் பணத்துக்கு முன்னால் சாதி வந்து கதவைச் சாத்துகிறது.

கடைசியில் பெற்றோரின் தொகுப்பு வீட்டுப் பக்கவாட்டிலேயே தகரக் கொட்டகை போட்டார்கள். தனி அடுப்பு வைத்தார்கள். இரண்டு அடுப்புக்கும் நடுவில் பத்தடி தூரம். ஆனால் அந்தப் பத்தடியைக் கடக்க ஆறு மாதம் ஆனது. அம்மா ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. "மருமவ வந்து குடும்பத்தைப் பிரிச்சிட்டா" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அதற்கு மருமகள் சொன்ன பதிலை இப்போதும் தெருவில் சொல்லிக் காட்டுகிறார்கள்: "நான் அத்தையையும் மாமாவையும் பிரிக்கல. நோட்டத்தான் பிரிச்சேன்."

நோட்டைப் பிரித்தார் என்பது உண்மை. 2022 மார்கழியில், பெரியப்பா ஒருவரை நடுவில் உட்காரவைத்து, வீட்டின் மொத்தக் கடனையும் நாற்பது பக்க நோட்டில் எழுதினார்கள். அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது. அம்மா குழுவில் வாங்கியது அப்பாவுக்குத் தெரியாது. எழுதியபோது நாலு கடன் வந்தது.

ஒன்று, சூளை முன்பணப் பாக்கி 85,000 ரூபாய். இரண்டு, அம்மா பெயரில் மகளிர் குழு மூலம் வாங்கிய மைக்ரோ பைனான்ஸ் கடனில் பாக்கி 26,000. மூன்று, மருமகளின் நகையை நாத்தனார் கல்யாணத்துக்கு அடகுக் கடையில் வைத்த 48,000. நான்கு, மகனின் கல்யாணத்துக்காக ஊரில் ஐந்து வட்டிக்கு வாங்கிய 30,000. ஆக மொத்தம் 1,89,000 ரூபாய்.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரில் மூன்று கேள்விகளை மருமகள் எழுதினார். யார் பெயரில் வாங்கியது? எதற்காக வாங்கியது? யாருடைய உழைப்பைச் சொல்லி வாங்கியது?

மகன் கல்யாணத்துக்கு வாங்கிய 30,000 ரூபாயை மகனும் மருமகளும் முழுவதும் ஏற்றுக்கொண்டார்கள். அடகு நகை தங்களுடையது, நாத்தனார் வாழ்வுக்காகப் போனது என்பதால் அதையும் தாங்களே மீட்பதாகச் சொன்னார்கள். அம்மாவின் குழுக் கடன் அம்மாவுடையது. ஆனால் அதற்காக மாதம் 1,500 ரூபாய் அம்மாவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சூளை முன்பணத்துக்கு மட்டும் முடியாது என்றார்கள். "எங்களக் கேக்காம எங்க ஒடம்ப எழுதிக் குடுத்து வாங்குன காசு அது. அதுக்கு நாங்க வரமாட்டோம்" என்று மகன் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் மகன் மேஸ்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த முன்பணத்தில் தானும் தன் மனைவியும் கையெழுத்திடவில்லை, பணம் பெறவில்லை, இனி வேலைக்கு வர முடியாது என்று மூன்றே வரி. பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டிவைத்தார்.

இருபது மாதம்

மகன் கட்டட வேலையில் கம்பி கட்டப் போனார். மழைக்காலத்தில் வேலை நிற்கும் என்பதால் சராசரி பார்த்தால் மாதம் 12,000 ரூபாய். மருமகள் டவுனில் துணிக்கடை வேலைக்குப் போனார். 6,500 ரூபாய். அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் அவருடைய அம்மா வந்து இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார்.

ஆக வரவு 18,500. வீட்டுச் செலவு 10,500. அம்மாவுக்கு 1,500. அஞ்சலகச் சேமிப்பில் 500. மீதி 6,000 ரூபாய் கடனுக்கு. இந்த வரிசையை அவர்கள் மாற்றவில்லை. கடன் அடைக்கும் காலத்தில் எதற்குச் சேமிப்பு என்று கேட்டேன். "புள்ளைக்கு ஜுரம்னா மறுபடி அஞ்சு வட்டிக்காரர் வாசல்ல நிக்கக் கூடாதுல்ல" என்றார் மருமகள்.

முதலில் அடைத்தது ஐந்து வட்டிக் கடன். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. ஆண்டுக்கு 60 சதவீதம் என்று சொல்லிப் பாருங்கள். 30,000 ரூபாய்க்கு மாதம் 1,500 வட்டி, ஆண்டுக்கு 18,000. முதல் தொகை அப்படியே இருக்க, இருபது மாதத்தில் வட்டி மட்டுமே முதலுக்குச் சமமாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக முதலைக் கழிக்கலாம் என்று போனால் வட்டிக்காரர் ஒப்பவில்லை. "குடுத்தா மொத்தமாக் குடு" என்றார். வட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதால் முதலைத் துண்டாக வாங்குவதில்லை. எனவே 6,000-ல் வட்டிக்கு 1,500 கட்டி, 4,500 ரூபாயை மாதாமாதம் வங்கியில் போட்டுவந்தார்கள். ஏழாவது மாதம் 31,500 சேர்ந்தது. 30,000 ரூபாயைக் கொடுத்து, கையெழுத்துப் போட்ட வெற்று புரோநோட்டைக் கையோடு வாங்கினார்கள். பணம் கொடுத்துவிட்டு நோட்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவதால் இரண்டு முறை கடன் கட்டிய குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு.

அடுத்தது நகை. 48,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி, மாதம் 960. அது போக மாதம் 5,040 சேர்ந்தது. கையில் ஏற்கெனவே 1,500 மிச்சம் இருந்தது. பத்து மாதத்தில் நகையை மீட்டார்கள். நடுவில் மூன்று மாதம் எதுவும் சேர்க்க முடியவில்லை. கார்த்திகை மழையில் ஒரு மாதம் வேலை இல்லை, மகனுக்குக் காலில் கம்பி குத்தி இரண்டு மாதம் படுக்கை. அந்த மாதங்களில் வட்டி கட்டவும் வீட்டுச் செலவுக்கும் துணிக்கடைச் சம்பளமும் அஞ்சலகத்தில் இருந்த பணமும் கைகொடுத்தன. யாரிடமும் புதுக் கடன் வாங்கவில்லை. ஆக மொத்தம் 20 மாதம். 2024 ஆவணியில் இரண்டு கடனும் முடிந்தன.

இந்த 20 மாதமும் அம்மாவின் குழுக் கடனுக்கான பணத்தை மருமகளே குழுத் தலைவியிடம் கொண்டுபோய்க் கட்டி, அட்டையில் வரவு வைத்து, சூளையில் இருக்கும் மாமியாருக்கு போனில் சொன்னார். குறைந்த தொகையை அம்மா தன் காசில் சேர்த்தார். அந்தக் கடனும் ஏறக்குறைய அதே சமயத்தில் தீர்ந்தது. பேசாமல் இருந்த அம்மா பேச ஆரம்பித்தது அந்த போன் வழியாகத்தான். மீட்ட நகையை மருமகள் முதலில் அத்தை கையில்தான் கொடுத்தார். அவர் அதை மருமகள் கழுத்தில் போட்டுவிட்டார்.

சட்டம் யார் பக்கம்?

மகன் எழுதிய மூன்று வரிக் கடிதத்துக்குப் பின்னால் வலுவான சட்டம் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக ஒருவரைக் கட்டிப்போடுவதை ஒழித்ததோடு நிற்கவில்லை. முன்னோர் வழியாக வந்த கடமை என்ற பெயரில் வேலை வாங்குவதையும் கொத்தடிமை முறை என்றே வரையறுக்கிறது. அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அந்தச் சட்டத்தால் இல்லாமல் போய்விட்டது. அழிந்துபோன அந்தக் கடனுக்காகப் பணம் வாங்குவதே 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமை வேலைக்குக் கட்டாயப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். கொத்தடிமை ஒழிப்புக்கான மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்த மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூன்று பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார் என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

சூளைக்கு வெளியே உள்ள கடன்களுக்கும் இதே கேள்வி வரும். அப்பா கடனை மகன் அடைப்பது புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை வைத்து மட்டுமே மகன்மீது வழக்குப் போட முடியாது என்று 2005-ல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லிவிட்டது. அப்பாவிடமிருந்து சொத்து வந்திருந்தால் அந்தச் சொத்தின் அளவுக்குத்தான் அவர் கடன் நம்மைத் தொடரும். ஒன்றை மறக்கக் கூடாது. ஜாமீன் கையெழுத்தோ, இணைக் கடன்தாரர் கையெழுத்தோ போட்டிருந்தால் அது நம் கடன். குழுக் கடன் படிவத்தில் "சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டும்போது எந்த இடத்தில் போடுகிறோம் என்று படித்துவிட்டுப் போட வேண்டும்.

மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வகுத்த விதிகளில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் மட்டுமே. திருமணமான மகன் தனிக் குடும்பம். எல்லாக் கடன் தவணைகளும் சேர்த்துக் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அந்த விதிகளில் உண்டு. அம்மா கட்டவில்லை என்று மகன் வீட்டு வாசலில் வந்து உட்காருவதற்கு வசூல்காரருக்கு எந்த உரிமையும் இல்லை. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

தனிக் குடும்பம் என்பதற்கு அடுப்பு மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். இவர்கள் இ-சேவை மையம் மூலம் பெற்றோரின் அட்டையிலிருந்து பெயரை நீக்கி, தனிக் குடும்ப அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வந்தபோது அந்தத் தகரக் கொட்டகை அடுப்புதான் சாட்சி சொன்னது. மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவும், ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தனி அட்டை கேட்கவும், வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுக் கொடுக்கவும் அந்த அட்டையே அடிப்படை. இப்போது மருமகள் பெயரில் வீட்டுமனை கேட்டு மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

அப்பாவின் கணக்கு

இத்தோடு கதை நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்பாவின் கணக்கு முடியவில்லை. மகனும் மருமகளும் நின்றுகொண்ட பிறகு, அப்பாவும் அம்மாவும் 2023, 2024 இரண்டு பருவமும் தனி ஜோடியாகச் சூளைக்குப் போனார்கள். புதிதாக முன்பணம் வாங்கவில்லை. பாக்கி 38,000 ரூபாயாகக் குறைந்தது. 2025 தையில் அப்பாவால் போக முடியவில்லை. முதுகு நிமிரவில்லை.

மேஸ்திரி மகனைத் தேடி வந்தார். அவரும் நம் தெருக்காரர்தான். அவர் தலைமேலும் முதலாளி கொடுத்த பணம் இருக்கிறது. மகன் மரியாதையாகவே சொன்னார்: "மாமா, அப்பா அறுத்த கல்லுக் கணக்கு, குடுத்த கூலிக் கணக்கு ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. ஆர்.டி.ஓ. ஆபீசுல வச்சிப் பாத்துக்குவோம். தர வேண்டியதுன்னு அவங்க சொன்னா நான் தரேன்." மேஸ்திரி அதற்குப் பிறகு வரவில்லை.

ஆனால் அப்பா கேட்கவில்லை. ஆடு மேய்த்துக் கிடைக்கும் காசில் மாதம் 500 ரூபாயை மேஸ்திரி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சட்டத்தை எடுத்துச் சொல்லி நான் அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். நீங்கள் புகார் கொடுத்தால் விடுவிப்புச் சான்றும் மறுவாழ்வு உதவியும் கேட்கலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாங்குனேன் இல்ல? வாங்குனத குடுக்காம செத்தா, பறையன் ஏமாத்திட்டான்னுதான சொல்லுவான்?"

இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நாணயமாக இருக்க வேண்டும் என்ற அவருடைய வைராக்கியத்தைத்தான் சூளைக்காரர்கள் ஐம்பது ஆண்டுகளாக அடமானமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நிலம் இல்லாதவரிடம், நகை இல்லாதவரிடம், வேறு எதை நம்பி லட்ச ரூபாய் கொடுக்கிறார்கள்? இவர் ஓடிப்போக மாட்டார் என்பதை நம்பித்தான். கூலியைக் குறைத்துக் கொடுத்தவருக்கு வராத கூச்சம் உழைத்தவருக்கு வருகிறது.

மகன் அப்பாவைத் தடுக்கவில்லை. அந்த 500 ரூபாயைத் தானும் தரவில்லை. அப்பாவின் வைத்தியச் செலவை மகன் பார்க்கிறார். இரவுச் சாப்பாடு மருமகள் வீட்டிலிருந்து போகிறது. வயதான பெற்றோரைக் காப்பாற்றுவது பிள்ளைகளின் கடமை என்று 2007-ம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம் வீடுகளில் அது நடக்கும். பெற்றவர்களுக்குச் சோறு போடுவது வேறு, அவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு நம் உடம்பையும் நம் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் எழுதிக் கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் மூன்று தலைமுறையாக நம்மை வண்டியில் ஏற்றினார்கள்.

விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, இருக்கிற கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவர்களைக் குற்றம் சொல்லாமல் எழுதுங்கள். பாதிக் கடன் உங்களைப் படிக்கவைக்க வாங்கியதாக இருக்கும். யார் பெயரில், எதற்காக, என்ன வட்டி, எவ்வளவு கட்டியாயிற்று என்று எழுதுங்கள். வட்டி அதிகமான கடன் எது என்று பாருங்கள். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் இருந்தால், அன்றன்று அறுத்த கல்லையும் வெட்டிய டன்னையும் எழுதிவைக்க அவர்களுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். சட்ட உதவி வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

ஐப்பசி பிறந்தால் மேஸ்திரிகள் முன்பணத்தோடு தெருவுக்கு வருவார்கள். நோட்டு அதற்கு முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும்.